தண்டவாள சைக்கிளும் வருங்கால மாமனாரும்

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவனை உல்லாசப் பயணத்துக்கு அழைத்துப் போகவே கூடாது. எங்கே போனாலும் முதலில் வாசல் எத்தனை என்றுதான் பார்ப்பான். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கண் மணல் வாளியைத் தேடும். கதவு உள்பக்கமாகத் திறந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்ட ஒருவன் கடலில் துடுப்புப் போட்டு, தண்டவாளத்தில் சைக்கிள் மிதித்து, நடுவில் பெண்ணின் அப்பாவிடம் நல்ல பெயரும் வாங்கிவிடலாம் என்று நினைத்தான். அந்தப் புத்திசாலி நான்தான். இந்தக் கதையை என் மாமியார் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனால் அவர் சொல்லும்போது நான் ஓடிய தூரம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் ஒரு பயர் ஆபீசில் போர்மேன். (எங்கள் பக்கம் பட்டாசு ஆலைக்குப் பயர் ஆபீஸ் என்றுதான் பெயர். அங்கே மேசையும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது.) ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்களா, யாராவது செல்போனை ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்களா, கதவுப் பக்கம் பெட்டியை அடுக்கி வழியை மறித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே சுற்றி வருவது என் வேலை. சுருக்கமாகச் சொன்னால், நாள் முழுக்க மற்றவர்களைத் திட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன்.

கிரேஸை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். எங்கள் ஆலையில் ஒரு அறை வெடித்த அன்று முனியசாமி அண்ணனை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். தீக்காய வார்டில் அவள் நர்ஸ். அண்ணன் பிழைக்கவில்லை. நான் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து, "நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போனேன். (காதல் கதை இப்படி ஆரம்பிக்கக் கூடாதுதான். எங்கள் ஊரில் வேறு மாதிரி ஆரம்பிக்க வசதி இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை போகிற சபை ஒன்று, சாதி ஒன்று, ஊரும் ஒன்று. தடை சொல்ல ஒரு காரணமும் இல்லாத சம்பந்தம் என்று நினைத்தோம். ஆனால் கிரேஸின் அப்பா தங்கதுரை சார் ஒரே ஒரு காரணம் வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சிவகாசியில் பாதிப் பேரின் காதைத் திருகி வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். பயர் ஆபீசில் இருக்கிற பையனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, எங்காவது ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடிவந்து எந்தப் பக்கம் புகை என்று பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். காரியாபட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மாப்பிள்ளையும் கைவசம் இருந்தார். சாக்பீஸ் வெடித்து யாரும் செத்ததில்லை என்பது சாரின் வாதம்.

கிரேஸ் விடவில்லை. ஒரு நாள் முழுக்க என்னோடு இருந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தாள். அவர் சரி என்றால் கல்யாணம், இல்லை என்றால் காரியாபட்டி. என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "புதுசா ஒண்ணும் பண்ண வேண்டாம். நீங்க எம்புட்டு நிதானமான ஆளுன்னு அப்பா பாத்தாப் போதும்."

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை. சாத்தூர், விளாத்திகுளம் தாண்டிக் கிழக்கே போனால், எங்கள் வெம்பக்கோட்டை அணையில் தேங்குகிற அதே வைப்பாறு கடலில் சேர்கிறது. ஒரு காலத்தில் முத்துக் குளித்த கரை. கப்பல் வந்த காலத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்று கூரை இல்லாமல் நிற்கிறது. சுற்றிலும் உப்பளம். உப்பு லோடு ஏற்றிய தள்ளுவண்டிகள் போன பழைய தண்டவாளம் கரையை ஒட்டி ஓடுகிறது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் அந்தத் தண்டவாளத்தில் பெடல் வைத்த வண்டியை ஓடவிட்டு, ஆற்று முகத்தில் கயாக் என்கிற ஒல்லிப் படகுகளையும் மிதக்கவிட்டு, சுற்றுலாத் தலம் என்று போர்டு மாட்டியிருந்தார். செல்போனில் வந்த அவருடைய விளம்பரத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். நாங்களும் அப்படிச் சிரிப்போம் என்று நம்பினேன்.

மழை மேகம் கட்டினால் வெடிமருந்து காயாது, அதனால் அன்று ஆலையில் வேலை இல்லை. வாடகைக் காரில் நாலு பேர் கிளம்பினோம். முன்னால் சார், பின்னால் கிரேஸும் அவளுடைய அம்மாவும், ஓட்டுகிறது நான். எட்டுப்பட்டிக்கும் கேட்கிற மாதிரி பேசக்கூடிய அந்த அம்மா, வழியெல்லாம் எலுமிச்சை சாத வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை சொல்லிக்கொண்டே வந்தார்கள். சார் சாத்தூர் வரை பேசவில்லை. சாத்தூர் தாண்டியதும், "வண்டி நல்லா ஓட்டுதீக" என்றார். எனக்குப் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி இருந்தது.

கடற்கரையில் போய் இறங்கினால் வானமும் கடலும் ஒரே சாம்பல் நிறம். எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. படகுக் கொட்டகை வாசலில் ஒரு இரும்புத் தூண் இருந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையை அந்தத் தூணில் வைத்து, ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போனேன். எங்கள் ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் அதில் இறங்கிவிடும். பல வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. பின்னால் வந்த அம்மா, "தூணையா கும்பிடுதீக? சபைப் பையன்னுல்ல சொன்னாக" என்றார்கள். நான் விளக்கம் சொன்னேன். விளக்கம் முடியும்போது சாரின் முகம் காலையில் இருந்ததைவிட இருண்டிருந்தது.

அடுத்தது மிதவைச் சட்டை. அது நைலான். மருந்து வேலை செய்கிறவன் உடம்பில் பருத்தியைத் தவிர எதுவும் படக் கூடாது, நைலான் உரசினால் பொறி வரும் என்று தினமும் மற்றவர்களைத் திட்டுகிறவன் நான். சட்டையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, பருத்தியில் வேறு இருக்கிறதா என்று கேட்டேன். கொட்டகைக்காரர் சுற்றிலும் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவரே மாட்டிவிட்டு வாரை இறுக்கினார்.

ஒரு படகில் இரண்டு பேர். முன்னால் சார், பின்னால் நான். கிரேஸும் அம்மாவும் இன்னொன்றில் ஏறி, பிறந்ததிலிருந்து துடுப்புப் போடுகிறவர்கள் மாதிரி நேராகப் போய்விட்டார்கள். எங்கள் படகு செக்கு மாடாகச் சுற்றியது. சார் வகுப்பெடுக்கிற குரலில், "தம்பி, நான் வலது போட்டா நீங்களும் வலது" என்றார். ஒரு வழியாகப் பழகி, ஆற்று முகம் தாண்டிக் கடலின் ஓரத்துக்கு வந்துவிட்டோம். அப்போது அவர் முதல் தடவையாக என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஆபத்து என்று வந்தால் போர்மேன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் பொறுப்பு, நிதானம், பதறாத மனசு என்றெல்லாம் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெற்கே எங்கோ இடி இடித்தது.

இடி இடித்தால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும். இது எங்கள் ஆலையில் எழுதி ஒட்டியிருக்கிற விதி. நான் கையில் இருந்த துடுப்பை வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

படகில் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் நெஞ்சளவுதான், யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் சாரின் மூக்குக் கண்ணாடி கடலோடு போய்விட்டது. நான் முங்கி முங்கித் தேடி ஒரு சிப்பியும் ஒரு பாலிதீன் பையும் எடுத்தேன். சார் வழுக்கைத் தலையில் தண்ணீர் சொட்ட நின்றுகொண்டு, "இடிக்குப் பயந்தா உக்காந்தே பயப்படலாமே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். தண்டவாள வண்டியில் நல்ல பெயர் எடுத்து இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை.

வண்டியில் நாலு இருக்கை. முன்னால் சாரும் அம்மாவும், பின்னால் நானும் கிரேஸும். எல்லோர் காலுக்கும் பெடல். பின் இருக்கைகளில் ஒன்றின் வெளி ஓரத்தில் பிரேக் கம்பி ஒன்று. பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வலிய வாங்கிக்கொண்டேன். கிட்டங்கி வரை லேசான இறக்கம், தேவைப்படும்போது மட்டும் பிடித்தால் போதும் என்று கொட்டகைக்காரர் சொன்னார். தேவைப்படும்போது மட்டும் கவனமாக இருக்கிறவன் போர்மேன் ஆக முடியுமா? கிளம்பியதிலிருந்து கம்பியை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். மற்ற மூன்று பேரும் வண்டி என்ன இம்புட்டு கனமாக இருக்கிறது என்று மூச்சு வாங்க மிதித்தார்கள். இடது பக்கம் உப்புப் பாத்திகள், வலது பக்கம் கடல், தூரத்தில் உப்பு வாருகிற பெண்கள். கிரேஸ் என் பக்கம் சாய்ந்து, "கண்ணாடி போனா போகுது, அப்பா இப்ப சிரிச்சாக, பாத்தீகளா?" என்றாள். நான் பார்க்கவில்லை, கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது. அன்று முழுவதிலும் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

அப்போது என் காலடியில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கூடவே கருகல் வாடை. குனிந்து பார்த்தால் புகை.

பிரேக் கட்டை சூடேறிப் புகைந்திருக்கிறது, அதுவும் நான் அழுத்திய அழுத்தில். யோசித்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டபின் யோசிக்கிறவர்கள் எங்கள் ஊரில் அதிக நாள் இருப்பதில்லை. அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது காலுக்குக் கீழே உப்பு வரப்பு. ஓடிக்கொண்டிருந்தேன். வரப்பு முடிந்ததும் பாத்தியில் இறங்கினேன். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். ஓடுவதற்கு முன் 'ஓடுங்க' என்று கத்தினேன் என்று இன்றுவரை நம்புகிறேன். இல்லவே இல்லை என்கிறார்கள் வண்டியில் இருந்த மூன்று பேரும்.

நான் குதித்ததும் பிரேக் விட்டுப்போனது. வண்டி இறக்கத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியது. வண்டி திடீரென்று லேசானதும், மாப்பிள்ளை இப்போதுதான் ஒழுங்காக மிதிக்கிறார் என்று அம்மா நினைத்தார்களாம். சாருக்குக் கண்ணாடி இல்லாததால் தண்டவாளம் முடிகிற இடமே தெரியவில்லை. கிரேஸ்தான் என் இருக்கைக்குத் தாவி, இரண்டு கையாலும் கம்பியை இழுத்து நிறுத்தினாள். தண்டவாளக் கோடியில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளில் லேசாக இடித்து வண்டி நின்றது.

பிறகு அவள் தண்டவாளம் வழியே திரும்பி நடந்து வந்தாள். உப்பு வாருகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வரப்பில் வரிசையாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வெடிக்கவில்லை என்பது அதற்குள் எனக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் தலையைத் தூக்க உடம்பு மறுத்தது. கொலுசுச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றதும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

"நீங்க மட்டுந்தான் வந்தீக" என்றாள்.

கிட்டங்கிச் சுவர் ஓரத்தில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டோம். என் மேல் இருந்த உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. உப்புக்கண்டம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மாகூடப் பேசவில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சார் கையைக் கழுவிவிட்டு, என் முகம் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துக் கேட்டார்.

"இதுக்கு முன்ன எத்தன தடவ இப்படி ஓடிருக்கீக?"

"ரெண்டு தடவ சார்."

"அப்ப கூட இருந்தவுக?"

"மொதத் தடவ எல்லாரும் வந்துட்டோம். ரெண்டாந் தடவ முனியசாமி அண்ணன் துண்ட எடுக்கத் திரும்புனாரு."

கிரேஸ் எழுந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்டது அவள்தான். திரும்பி வரும்போது விளாத்திகுளத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர்களை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது காரியாபட்டி ஆசிரியருக்கு மனதுக்குள் வாழ்த்துச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி அழுதேன். உப்பு எரிச்சலில்தான் கண் கலங்கியிருக்கிறது என்று என் தம்பியிடம் சொன்னேன்.

அடுத்த வாரம் புதுக் கண்ணாடியோடு தங்கதுரை சார் தன் பழைய மொபெட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. நின்றபடியே, வருகிற வழியில் மனப்பாடம் செய்தது மாதிரிச் சொன்னார்.

"போர்மேன்னு சொன்னதும் எனக்கு என்ன பயம்னா, கடைசி ஆளா நின்னு எல்லாத்தையும் வெளிய தள்ளிட்டு நீங்க உள்ள கெடந்துருவீகளோன்னுதான். எம் பொண்ணு அந்த வார்டுலயே வேலை பாக்குறா. ஒரு நா உங்களையும் அங்கன கொண்டாந்து போட்டா அவ தாங்க மாட்டா. ஆனா நீங்க அப்படி ஆள் இல்லைங்கத நான் கண்ணாடி இல்லாமலே பாத்துட்டேன். இனிமே மாமான்னே கூப்பிடுங்க."

ஒரு மனுஷனை இதைவிடக் கேவலமாகப் பாராட்ட முடியாது. நான் சந்தோஷத்தில் அழுதேனா, அவமானத்தில் அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் மொபெட்டை உதைத்துக் கிளப்பி, தெரு திரும்புகிற வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சேதியைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டூட்டி முடித்து வந்த கிரேஸுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைப் போல அவள் துள்ளவில்லை. பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

"அப்பாவுக்கு நீங்க உசுரோட வந்தாப் போதும். எனக்கும் அதான். ஆனா அன்னைக்குப் பக்கத்து சீட்டு காலியானப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

நான் கேட்கவில்லைதான். என் மானம் போனதைப் பற்றி மட்டும்தான் அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டேன்.

"வார்டுக்கு வாரவுகள்ல பாதிப் பேரு எதுக்காச்சும் திரும்புனவுகதான். செருப்புக்கு, துண்டுக்கு, கூட இருந்த தங்கச்சிக்கு. அதனால நீங்க ஓடுனத பாத்ததும் அம்புட்டு நிம்மதியா இருந்துச்சு. திரும்பிப் பாக்கலையேன்னு அழுகையும் வந்துச்சு. ரெண்டும் சேந்தே வந்துச்சு, எத விடுறதுன்னு தெரியல."

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். விட்டுவிட்டு வேறு என்ன தெரியும் உங்களுக்கு என்றாள். யோசித்துப் பார்த்தேன். மற்றவர்களைத் திட்டத் தெரியும், அவ்வளவுதான். அவள் பஸ் வந்தது. ஏறும்போது என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு தடவை இழுத்துவிட்டுப் போனாள். நானும் வருகிறேனா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்; மாமாவும் மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அந்த உப்பளம் இன்னும் என்னை விடவில்லை. குக்கர் மூடியில் 'ஸ்ஸ்' என்றால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கொசுவத்தி கொளுத்தினால் மகள் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, "அப்பா, வழி ரெடி" என்பாள். விசேஷ வீடுகளில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டும் என்றால் மாமியார், "எம் மருமகன், வெடிக்காததுக்கே ரெண்டு ஏக்கர் ஓடுவாக" என்பார். (பாத்தி அரை ஏக்கர்கூட இருக்காது.) மாமா மட்டும் சிரிக்காமல், ஓடட்டும், ஓடட்டும் என்பார்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது மற்ற வீடுகளில் மாதிரி எங்கள் வீட்டில் 'போயிட்டு வாங்க' கிடையாது. கிரேஸ் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "சத்தம் கேட்டா யாரையும் பாக்காதீக. ஓடிருங்க" என்பாள். உள்ளேயிருந்து மாமியார் சிரிப்பார், மகள் கையைத் தட்டுவாள், நானும் சிரித்துவைப்பேன். கிரேஸ் சிரிப்பதில்லை. நான் 'சரி' என்று சொல்லும் வரை சாவியைக் கொடுப்பதும் இல்லை.